ரோபோ நடைப்பயிற்சி: கட்டுவதற்கு முன்பும் அவிழ்த்த பின்பும்

எண்ணெய் தேய்த்த நாளில், மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்ஸி) உள்ள குழந்தையை ரோபோ நடைப்பயிற்சிக்கு, அதாவது மெஷினில் ஏற்றிக் கட்டி நடக்கவைக்கும் பயிற்சிக்கு, கூட்டிப்போக வேண்டாம். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். கால் விறைப்பாக இருக்கிறதே, நாலு உருவு உருவினால் தளருமே என்று காலையிலேயே ஆயா தேங்காய் எண்ணெயோடு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பசை இருக்கிற தோலில் தொடைப் பட்டையும் கெண்டைக்கால் பட்டையும் பிடித்து நிற்காது. ஒவ்வோர் எட்டுக்கும், அதாவது காலடிக்கும், அரை சென்டிமீட்டர் வழுக்கினாலும் போதும், ஓர் அமர்வில் ஆயிரத்துக்கு மேல் எட்டு. மூன்றாம் நாள் முட்டிக்குப் பின்னால் தோல் உரிந்திருக்கும். புண் ஆற ஒரு வாரம். அந்த வாரம் பயிற்சி கிடையாது. வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கி, நாலு வாரத்தில் 20 அமர்வு என்று பணம் கட்டிய குடும்பத்துக்கு அது கால்வாசிக் காசு. உருவிவிடத்தான் வேண்டுமென்றால் இரவில் செய்யலாம். காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பவுடர்கூடப் போடாமல் கூட்டிவர வேண்டும்.

இந்தப் பயிற்சி பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். என்ன விலை, எந்த நாட்டுச் சரக்கு, எந்த ஆஸ்பத்திரியில் வந்திருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் மெஷின் ஓடாத நேரத்தில்தான் தீர்மானமாகிறது: ஏற்றிக் கட்டுகிற 20 நிமிடம், அவிழ்த்து இறக்கிய பிறகான அரை மணி நேரம்.

மெஷின் தருவது எண்ணிக்கை. இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிற கம்பியான பேரலல் பார் 3 மீட்டர் நீளம். குழந்தை 20 தடவை போனாலும் 60 மீட்டர்தான். பின்னால் குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே வருகிற தெரபிஸ்டின் முதுகு அதற்குமேல் தாங்காது. டிரெட்மில்லோடு சேர்ந்த ரோபோவில் மணிக்கு 1.2 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் ஓட்டினால் 400 மீட்டர். எட்டு ஒன்று 25 சென்டிமீட்டர் என்றால் 1,600 எட்டு, அதுவும் ஒவ்வொன்றும் இடுப்பு மடங்கி, முட்டி நீண்டு, குதிகால் ஊன்றி. கையால் பிடித்து நடத்தி இந்தக் கணக்கை எட்டவே முடியாது.

ஆனால் 1,600 எட்டையும் மோட்டாரே போட்டுவிட்டால் குழந்தையின் மூளைக்கு அதில் வேலை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு மெஷின் உதவியோடு நடக்கும் பயிற்சியை அலசியது. நடைப்பயிற்சியே இல்லாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் நடை வேகத்தில் சிறிய முன்னேற்றம். அதே அளவு நேரம் தரையில் நடந்து பழகிய குழந்தைகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, மருந்து நடைதான். ரோபோ அந்த மருந்தை அள்ளிக் கொடுக்கிற கரண்டி. கரண்டி பெரிதாக இருப்பது நல்லதுதான், விழுங்க வேண்டியது குழந்தை.

கரண்டியிலும் நாலைந்து வகை உண்டு. எதில் ஏற்றப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்தால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனத்து லொகோமேட்டில் குழந்தையை மேலிருந்து பெல்ட்டில் தொங்கவிட்டு, கீழே டிரெட்மில் ஓட, இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார் வைத்த உலோகக் கால்கள் குழந்தையின் காலை நகர்த்தும். கணுக்காலுக்கு மோட்டார் கிடையாது, பாதத்தை ஒரு பட்டை தூக்கிப் பிடிக்கும். இன்னொரு வகையில் தொடையிலும் முட்டியிலும் எதுவும் கட்டுவதில்லை. இரண்டு பாதமும் மிதிபலகைமேல் இருக்கும், பலகைதான் நடை வடிவத்தில் சுற்றும். முட்டி பின்னுக்கு வளையும் குழந்தையை இதில் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. கனடாவின் டிரெக்ஸோ, ரிஃப்டன் பேசர் என்கிற சக்கர நடைச்சட்டத்தில் ரோபோ கால்களை மாட்டிய அமைப்பு. டிரெட்மில் இல்லை, தரையில் இடம்விட்டு இடம் நகரும். இந்தியாவில் இருந்த தன் உறவுக்காரச் சிறுவனுக்காக அதன் நிறுவனர் தொடங்கிய வேலை அது. ஸ்பெயினில் எலெனா கார்சியா அர்மாதாவின் குழு உருவாக்கிய அட்லஸ் 2030 குழந்தையின் உடம்போடு சேர்த்து அணிகிற முழுச் சட்டகம். நம் பக்கத்தில், பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்க பாண்டிகூட் செய்த திருவனந்தபுரத்து ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனமே ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவும் செய்திருக்கிறது.

டிரெட்மில் வகையில் தரை குழந்தைக்குக் கீழே நகர்கிறது. தரையில் ஓடும் வகையில் குழந்தை தரைமேல் நகர்கிறது. பெரியவர்களுக்கு இது ஒன்றுதான். 6 வயதுப் பிள்ளைக்கு, கதவை நோக்கிப் போய்க் கதவைத் தொடுவது வேறு, சுவரைப் பார்த்துக்கொண்டே 400 மீட்டர் நடப்பது வேறு.

எந்தக் குழந்தையை ஏற்றலாம்? ரிப்போர்ட்டில் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று எழுதி, அசைவுத் திறனின் நிலையைக் காட்ட 1 முதல் 5 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். 1 என்றால் துணையின்றி நடக்கும், ஓடும். 3 என்றால் வாக்கரோ கைத்தடியோ பிடித்து நடக்கும். 5 என்றால் தலையை நிறுத்துவதே கஷ்டம். ரோபோவில் நடையிலேயே பலன் தெரிவது 2, 3-ல். 4-ல் இருக்கும் குழந்தைக்கு எடை தாங்கி நிற்பது, மூட்டு அசைவது, மலச்சிக்கல் குறைவது, நிமிர்ந்து நின்று மற்ற பிள்ளைகளை முகத்துக்கு நேராகப் பார்ப்பது எல்லாம் கிடைக்கும். தனியாக நடக்கும் என்று யாராவது அந்தக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குழந்தை எட்டக்கூடிய அசைவுத் திறனில் 90 சதவீதம் ஏறத்தாழ 5 வயதுக்குள் வந்துவிடுகிறது என்பதை 2002-ல் கனடாவிலிருந்து வெளியான வளர்ச்சிக் கோடுகள் காட்டின. அதற்குப் பிறகான பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. 3, 4-ஆம் நிலையில் இருக்கும் பிள்ளைகள் வளரும் வயதில் உயரமும் எடையும் கூடக்கூட இருந்த நடையை இழப்பதுண்டு. இழக்காமல் வைத்திருப்பதே பெரிய வேலை.

வயதைவிட அளவு முக்கியம். லொகோமேட்டின் குழந்தைக் காலுக்குத் தொடை எலும்பு நீளம் குறைந்தது 21 சென்டிமீட்டர் வேண்டும். 35-ஐத் தாண்டினால் பெரியவர் கால் மாட்டுவார்கள். பொதுவாக 4 வயதை ஒட்டி இந்த அளவு வரும். அளவு பத்தாத பிள்ளைக்குப் பஞ்சு வைத்து ஒப்பேற்றுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மெஷினுக்கு முன்னால் எக்ஸ்ரே. இரண்டு இடுப்பும் தெரிகிற ஒரே படம், 6 மாதத்துக்குள் எடுத்தது. தொடை எலும்பின் தலை கிண்ணத்தை விட்டு எத்தனை சதவீதம் வெளியே வந்திருக்கிறது என்று எலும்பு மருத்துவர் கோடு போட்டுச் சொல்வார். 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அவர் எழுத்தில் சம்மதம் தரும் வரை ஏற்றக் கூடாது. இடுப்பு நழுவுகிற குழந்தைக்கு வலி இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, அதனால்தான் படம். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் ஜிப்மரின் பி.எம்.ஆர். (மறுவாழ்வு மருத்துவம்) துறையில் காட்டி இடுப்பு, விறைப்பு, மூட்டு எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம். ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசியப் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் வழியிலேயே இருக்கிறது.

அடுத்து எலும்பின் பலம். நின்று பழகாத, வலிப்பு மாத்திரை பல வருடம் சாப்பிடுகிற குழந்தைகளின் எலும்பு மெலிந்திருக்கும். வைட்டமின் டி பார்த்துக் குறை இருந்தால் சரிசெய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிவது இந்தக் குழந்தைகளுக்குச் சின்ன முறுக்கலிலும் நடக்கும். பேசத் தெரியாத பிள்ளை என்றால் அறிகுறி இதுதான்: அமர்வு முடிந்த அன்று மாலை டயப்பர் மாற்றும்போது வழக்கத்தில் இல்லாத அழுகை, முட்டிக்கு மேல் வீக்கம், சூடு. "நேற்று நிறைய நடந்தான், அந்த வலி" என்று விட்டுவிடாமல் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முட்டியோ இடுப்போ சுமார் 20 டிகிரிக்கு மேல் நீட்டவே முடியாமல் மடங்கி நின்றுவிட்டால் பல மையங்களில் ஏற்ற மாட்டார்கள், அது சரிதான். தசை விறைப்பால் மடங்குவதற்கும் மூட்டே இறுகி நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்து நீட்டினால் வருவது விறைப்பு. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் அதே இடத்தில் நின்றால் இறுக்கம். முதலாவதற்கு போட்டாக்ஸ் ஊசி உதவும். ஊசி போட்ட 4 முதல் 6 வாரத்தில் தசை நன்றாகத் தளர்ந்திருக்கும், 3, 4 மாதத்தில் பழையபடி ஆகும். ரோபோ அமர்வுகளை அந்த இடைவெளியில் வைத்தால் ஒரே காசுக்கு இரண்டு வேலை. ஊசியை ஜனவரியில் போட்டுவிட்டுப் பயிற்சியைப் பள்ளி லீவுக்கு மே மாதம் வைக்கிற குடும்பங்கள் நிறைய. அதற்குள் ஊசியின் வேகம் போய்விடும்.

வலிப்பு அடங்காமல் இருந்தாலும், தோலில் புண் இருந்தாலும், அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் எடை தாங்க அனுமதிக்காத நாட்களிலும் கட்டக் கூடாது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காலை வலிப்பு மாத்திரையை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. மாத்திரைப் பட்டை ஒன்றைப் பையிலேயே வையுங்கள்.

இனிக் கட்டுகிற வேலை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்து, குழந்தையின் காலை உள்ளும் புறமும் திருப்பினால் விரலுக்கடியில் ஓர் எலும்பு உருளும். மெஷினின் இடுப்பு அச்சு அதற்கு நேராக வர வேண்டும். முட்டியின் வெளிப்பக்கம் இரண்டு எலும்பும் சேருகிற கோட்டுக்கு நேராக முட்டி அச்சு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் தொடை நீளம், இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். அச்சு 2 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் கால் மடங்கும் ஒவ்வொரு முறையும் பட்டை தோலை மேலும் கீழும் இழுக்கும். குழந்தை அழும், எல்லோரும் பயத்தில் அழுகிறது என்பார்கள். கால்கள் இரண்டுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் நீள வித்தியாசம் இருந்தால் குட்டைக் காலின் ஷூவுக்கு அடியில் உயரம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். போன வருடத்து அளவைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு அப்படியே ஏற்றுவதும் நடக்கிறது. வளர்கிற பிள்ளை, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக அளக்கச் சொல்லுங்கள்.

உடை: தையல் உறுத்தாத பருத்தி லெக்கிங்ஸ், கணுக்கால் வரை. முட்டி வரை வருகிற சாக்ஸ். இடுப்புக்குள் செருகிய டி-சர்ட். டயப்பர் போட்டால் மடிப்பு தொடை இடுக்கில் சிக்காமல் இழுத்துவிட வேண்டும். ஆண் பிள்ளைகளுக்குத் தொடை இடுக்குப் பட்டை விதைப்பையை நசுக்கும். தூக்குவதற்கு முன்னும் தூக்கிய பின்னும் கை விட்டுப் பார்த்துவிட வேண்டும், கூச்சப்படுகிற இடம் இல்லை. சாப்பாடு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால். வயிற்றுப் பட்டை இறுகி மேலே தூக்கும்போது இட்லி முழுசாக வெளியே வரும். மூத்திரம் போய்விட்டு வர வேண்டும். வயிற்றில் உணவுக் குழாய் இருக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் பட்டை படாதபடி பஞ்சு வைத்து ஓட்டை விட வேண்டும்.

பட்டை இறுக்கத்துக்கு இரண்டு விரல் கணக்கு எல்லோருக்கும் தெரியும். பெல்ட்டில் தூக்கியதும் பட்டைகள் தளர்ந்துவிடும் என்பதுதான் தெரியாது. தரையில் கட்டி, தூக்கி, 2 நிமிடம் நடத்தி, நிறுத்தி, மறுபடி இறுக்குவதுதான் முறை. முட்டிக்குக் கீழ்ப் பட்டை முட்டி மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். வெல்க்ரோ இந்தக் கடலூர், புதுச்சேரிக் கடலோரக் காற்றில் சீக்கிரம் போய்விடும். வியர்வை, நூல் பிசிறு, உப்பு எல்லாம் சேர்ந்து கொக்கிகள் அடைத்துக்கொள்ளும். பழைய பல் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்து எடுத்தால் பிடிக்கும். வீட்டில் காலுக்குப் போடுகிற ஸ்பிளின்ட்டின் பட்டைக்கும் இதே வைத்தியம்தான்.

எடையை எவ்வளவு தூக்குவது? 18 கிலோ குழந்தைக்கு 40 சதவீதம் என்றால் 7.2 கிலோ மேலே, மீதி 10.8 கிலோ காலில். ஆரம்பத்தில் 40, 50 சதவீதம் வைப்பார்கள். ஊன்றிய காலின் முட்டி மடியக் கூடாது, தூக்குகிற காலின் விரல் உரசக் கூடாது. இந்த இரண்டும் நடக்காத வரைக்கும் குறைத்துக்கொண்டே வரலாம். நிறையத் தூக்கினால் பார்க்க அழகாக நடக்கும். ஆனால் நுனிக்காலில் தொட்டுத் தொட்டுப் போகும், தூளியில் தொங்குகிற மாதிரி. குதிகால் அழுந்தாத நடையில் எலும்புக்கும் பலன் இல்லை, தசைக்கும் பலன் இல்லை.

அதைவிட முக்கியமான எண் வழிநடத்தும் விசை. 100 என்றால் முழுவதும் மோட்டார். முதல் 2, 3 அமர்வு 100-ல் இருக்கலாம், குழந்தைக்கு மெஷின் பழக வேண்டும். அப்புறம் இரண்டு அமர்வுக்கு ஒருமுறை 10 வீதம் குறைத்து, நடை கலைகிற இடத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு இரண்டு காலுக்கும் வேறு வேறு எண். 20 அமர்வும் 100-லேயே ஓட்டி முடித்த தாள்களும் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை. குறைத்தால் நடை கோணலாகும், கோணலைப் பார்த்தால் பெற்றோர் முகம் சுண்டும், அதனால் குறைப்பதில்லை. கோணல் வரட்டும் என்று பெற்றோரே சொல்ல வேண்டும். தினமும் நாலு எண்ணை நோட்டில் எழுதி வாங்குங்கள்: எடை சதவீதம், வேகம், விசை, நடந்த தூரம். நாலு வாரத்தில் முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் அசையவே இல்லை என்றால் காரணம் கேட்க உரிமை உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் டக்கென்று நிற்பது அடிக்கடி நடக்கும். காலில் எதிர்ப்பு அதிகமானதை உணர்ந்து அதுவே நிறுத்திக்கொள்கிறது. அந்த உணரும் அளவைத் தளர்த்திவிட்டு மேலே ஓட்டுவது சுலபம், அதைச் செய்யவிடாதீர்கள். விறைப்பு ஏன் ஏறியது என்று தேட வேண்டும். நிறைந்த மூத்திரப்பை, மூன்று நாள் மலச்சிக்கல், உள்ளே வளர்ந்த நகம், ஷூவுக்குள் மடங்கிய சாக்ஸ், வெயிலில் வந்து நேராக 20 டிகிரி ஏ.சி.யில் நுழைந்தது, புது ஆளின் குரல். இவற்றில் ஒன்றாக இருக்கும், அநேகமாக மலச்சிக்கல்தான். வீட்டுச் சாப்பாடு மாறி லாட்ஜில் தங்கினாலே அது வந்துவிடுகிறது. தண்ணீர், கொய்யா, வாழைப்பழம், தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் சிரப்.

இனி கார்ட்டூன் விஷயம். குழந்தை அழாமல் இருக்க முகத்துக்கு நேரே போனை மாட்டிவிடுகிறார்கள். கண் திரையில் ஒட்டிக்கொள்ளும், கால் மோட்டாரின் பொறுப்பு. 10 நிமிடம் கழித்துத் தொடையைத் தொட்டுப் பார்த்தால் தசையே வேலை செய்யாமல் பஞ்சு மாதிரி இருக்கும். மெஷினோடு வரும் விளையாட்டுகளில் குழந்தை காலைத் தள்ளினால்தான் பொம்மை நகரும். அதைப் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஆள் போதும். "உதை பார்க்கலாம், பாப்பா" என்று எட்டும் தூரத்தில் பலூனைத் தொங்கவிடலாம். பத்துப் பத்தாக எண்ண வைக்கலாம். "நில்லு" என்று சொல்லிக் காலை இறுக்கி நிற்க வைத்து, "போலாம் ரைட்!" என்று கிளப்பலாம், கண்டக்டர் விளையாட்டு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பிடிக்கும். 3 நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு வேலை கொடுத்தால் போதும், இடையில் ஓய்வாக நடக்கட்டும்.

அவிழ்த்தவுடன் காலைப் பாருங்கள். முட்டிக்குப் பின், கணைக்கால் எலும்பு, தொடை இடுக்கு, இடுப்பு எலும்பு முனை. சிவப்பு இருக்கும். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த அமர்வுக்கு அந்த இடத்தில் பஞ்சு கூட்ட வேண்டும், அல்லது ஒரு நாள் விட வேண்டும். பார்த்து முடித்ததும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போகக் கூடாது. தசை சூடாக இருக்கிற அந்த 10, 15 நிமிடம் குழந்தை கணுக்காலையும் பாதத்தையும் பிடிக்கிற தன் ஏ.எஃப்.ஓ. ஸ்பிளின்ட், தன் ஷூ, தன் வாக்கரோடு வராண்டாவில் நடக்க வேண்டும். மெஷினில் கிடைத்ததைக் கால் தனக்குச் சொந்தமாக்கிக்கொள்கிற நேரம் அது. அடுத்த பேஷன்ட் காத்திருக்கிறார், இடமில்லை என்பார்கள். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குப் பக்கத்து நடைபாதை போதும்.

வாக்கர் பின்பக்கம் வைத்து இழுக்கிற வகையாக இருந்தால் உடம்பு முன்னால் சாய்வது குறையும். கைப்பிடி இடுப்பு உயரத்தில், முழங்கை 20, 30 டிகிரி மடங்கி. பின் சக்கரம் பின்னோக்கி ஓடாதபடி பூட்டு வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஒருமுறை இறக்கினாலே அந்தப் பூட்டுக்குள் மணல் போய்விடும். குழந்தையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசை என்றால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலையில் வண்டிகளை உள்ளே விடாததால் வழவழப்பான தார்ச்சாலை முழுவதும் நடப்பவர்களுக்கு. வாக்கருக்கு இதைவிட நல்ல மைதானம் இந்தப் பக்கத்தில் இல்லை. சனி, ஞாயிறு கூட்டத்தில் மட்டும் வேண்டாம்.

எங்கே, எப்போது செய்வது என்பதும் கணக்குத்தான். வாரம் 3 முதல் 5 அமர்வு, மொத்தம் 12 முதல் 20. வாரத்துக்கு ஒன்று என்று வருடம் முழுக்க இழுத்தால் கால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அதனால் சென்னைக்கோ கேரளாவுக்கோ போகிறவர்கள் ஒரே மூச்சாகத் தங்கி முடிப்பது நல்லது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குள் கிடைத்தாலும் 25 கிலோமீட்டர் பஸ்ஸில் மடியில் மடக்கி உட்காரவைத்த கால், இறங்கும்போது கட்டையாக இருக்கும். ஸ்பிளின்ட் போட்டு, முட்டியை நீட்டி, எதிர் சீட்டில் கால் வைக்க இடம் பிடியுங்கள். சேர்ந்ததும் 10 நிமிடம் மெதுவாக நீட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமர்வு பதிவு செய்யாதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டியது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியது, பின்னாலேயே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. புயல் இல்லாத வருடமும் மழை, விடுமுறை, மின்வெட்டு. மின்சாரம் என்றதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: குழந்தை பாதி எட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எத்தனை பேர் சேர்ந்து, எத்தனை நிமிடத்தில் கீழே இறக்குவீர்கள்? வாயால் பதில் வாங்காமல், சுவிட்சை அணைத்துக் காலி பெல்ட்டைக் கையால் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்பதைக் கண்ணால் நம்ப வேண்டாம். 14 மீட்டர் தரையில் இரண்டு பக்கமும் 2 மீட்டர் விட்டு, நடுவில் 10 மீட்டருக்கு டேப் ஒட்டுங்கள். அந்த 10 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி? 25 நொடி என்றால் வினாடிக்கு 0.4 மீட்டர். மூன்று தடவை எடுத்துச் சராசரி. அதே ஷூ, அதே ஸ்பிளின்ட், அதே வாக்கர், ஏறத்தாழ அதே வேளை. கூடவே போனைக் குழந்தையின் முட்டி உயரத்தில் ஸ்டூல்மேல் வைத்து முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று வீடியோ. முதல் நாள், பத்தாவது அமர்வு, கடைசி நாள், அப்புறம் மூன்று மாதம் கழித்து. கடைசி நாளில் 18 நொடி வந்து, மூன்று மாதத்தில் மறுபடி 25-க்குப் போய்விட்டால் அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பணத்தில் வீட்டுக்கு வாரம் நாலு நாள் வருகிற ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வைக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் முடியும்.

பண உதவி பற்றிச் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் உண்டு, யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் எதுவும் நகராது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும், உட்பிரிவு வாரியாக உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் 'ரோபோ' என்று மட்டும் எழுதியிருந்தால் இழுத்தடிப்பார்கள், 'பிசியோதெரபி, நடைப்பயிற்சி' என்று தேதிவாரியாக எழுதி வாங்குங்கள். மாநிலத் திட்டங்கள் ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரி ஜிப்மரில் வைத்தியம் என்றாலும் கார்டு கடலூருடையது. பள்ளியில் பெயர் இருந்தால் வட்டார வள மையத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அந்த நாலு எண் நோட்டைக் காட்டுங்கள். விசை எத்தனைக்குக் குறைந்தது, எடை எத்தனை தாங்குகிறது என்று பார்த்தாலே எங்கிருந்து தொடர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசி அமர்வு அன்று ஊருக்குக் கிளம்புகிற பரபரப்பில் ஒரு வேலை விட்டுப்போகும். வாக்கர் கைப்பிடி உயரத்தை அங்கேயே தெரபிஸ்டைக் கொண்டு சரிபார்த்து, குழாயில் பர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை வளர வளர, அந்தக் கோட்டுக்கு மேலே அடுத்த ஓட்டை.